ஆலை நகரத்தின் தாளம்



வார இறுதியில் பட்டணத்திலிருந்து வீடு திரும்பும் நம் பிள்ளைகள் சிலர் கைத்தொலைபேசியில் ஒரு வகை இசையைக் கேட்கிறார்கள். அதில் பல்லவியும் இல்லை, சரணமும் இல்லை. "டும், டும், டும், டும்" என்று ஒரே சீரான அடி. அதன்மேல் இரும்போடு இரும்பு உரசுவது போலவும் நீராவி சீறுவது போலவும் சில ஒலிகள். "என்னடா இது, பாட்டா? ரப்பர் ஆலையில மெஷின் ஓடுற மாதிரில்ல இருக்கு!" என்று பாட்டி கேட்கிறார். வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

பாட்டி சொன்னதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. 'டெக்னோ' என்று உலகம் அழைக்கும் அந்த இசை உண்மையிலேயே ஓர் ஆலை நகரத்தில்தான் பிறந்தது. 1980களில் பிறந்த அது, 1990களில் ஐரோப்பாவின் பெரிய நடன விடுதிகளை ஆண்டது. பிறகு பெரிய விடுதிகள் அதைக் கைவிட்டன. அது நிலவறைகளிலும் பழைய மின் நிலையக் கட்டடங்களிலும் ஒதுங்கி வாழ்ந்தது. 2020ஆம் ஆண்டுக்குப் பிறகு மறுபடியும் பெரிய விடுதிகளின் நடு மேடைக்கு வந்து நிற்கிறது. அந்த இசை எப்படிப் பிறந்தது, ஏன் போனது, எப்படித் திரும்பியது என்பதை இன்று பார்ப்போம். இன்னொரு கேள்வியையும் கேட்போம். இசை திரும்பி வந்துவிட்டது. அதை உண்டாக்கியவர்களின் பெயர் அதனோடு திரும்பி வந்ததா?

"நடன விடுதிக்கும் தோட்டத்து மக்களுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். சம்பந்தம் உண்டு. அதைச் சொல்ல ஒரு மோட்டார் காரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியில், மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் என்னும் நகரம் இருக்கிறது. 1903ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டு அங்கே தமது மோட்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். 1908இல் 'மாடல் டி' என்ற கார் வெளிவந்தது. 1913இல் அவருடைய ஹைலண்ட் பார்க் ஆலையில் புதிய முறை ஒன்று வந்தது. அதுவரை தொழிலாளி காரைச் சுற்றி வந்து வேலை செய்தார். இப்போது தொழிலாளி ஓரிடத்தில் நின்றார். கார் அவர் முன்னால் நகர்ந்து வந்தது. ஒருவர் ஆணியைப் பொருத்துவார், அடுத்தவர் முடுக்குவார். நாள் முழுதும் அதே வேலை, அதே அசைவு. காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட முன்பு 12½ மணி நேரம் ஆனது. இந்த முறையில் 93 நிமிடமே போதுமானதாயிற்று. சலிப்புத் தாங்காமல் தொழிலாளர்கள் வேலையை விட்டு ஓடினார்கள். அவர்களை நிறுத்தி வைக்க 1914இல் நாளொன்றுக்கு 5 டாலர் கூலி என்று ஃபோர்டு அறிவித்தார். 

அந்தச் செய்தி அமெரிக்காவின் தென்பகுதிப் பருத்திக் காடுகளை எட்டியது. அங்கே அடிமைகளாயிருந்தவர்களின் பேரப்பிள்ளைகளான கறுப்பின மக்கள் குடும்பம் குடும்பமாக வடக்கே புறப்பட்டார்கள். டெட்ராய்ட்டில் அவர்களுக்கு வேலை கிடைத்தது. ஆனால் பெரும்பாலும் எந்த வேலை? உருக்கிய இரும்பை வார்க்கும் வெக்கை நிறைந்த பட்டறை வேலை. மற்றவர் தொடத் தயங்கிய வேலை.

இப்போது நம் பக்கம் வருவோம். 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட 'மாடல் டி' கார்கள் செய்யப்பட்டன. காருக்கு நான்கு சக்கரம். சக்கரத்துக்கு ரப்பர் வேண்டும். 1920ஆம் ஆண்டு வாக்கில் உலக ரப்பரில் ஏறக்குறையப் பாதி மலாயாவிலிருந்து போனது. உலகில் அதிகமாக வாங்கிய நாடு அமெரிக்கா. விடியுமுன் பெரட்டுக்கு வந்து நின்று, பால்மரம் சீவி, மங்கில் சொட்டிய பாலைச் சுமந்த நம் பாட்டன் பாட்டிமாரின் உழைப்புதான் அந்தச் சக்கரங்களில் உருண்டது. பருத்திக் காட்டிலிருந்து போன அந்தத் தொழிலாளியும், தமிழகத்துக் கிராமத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் ஒரே சங்கிலியின் இரு முனைகளில் நின்றார்கள். 1929இல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது டெட்ராய்ட்டில் ஆலைகள் ஆட்களைக் குறைத்தன. இங்கே ரப்பர் விலை விழுந்தது. பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் தோட்டங்களிலிருந்து கப்பலில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அங்கே அடித்த அடி இங்கே வலித்தது.

ஆலை ஓசையிலிருந்து இசை பிறப்பது டெட்ராய்ட்டுக்குப் புதிதன்று. கார் ஆலையில் வேலை பார்த்த பெரி கோர்டி என்ற கறுப்பின இளைஞர், குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி, 1959இல் ஓர் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். அதுவே 'மோடவுன்' என்று புகழ் பெற்றது. வெறும் அடிச்சட்டமாக ஒரு முனையில் நுழைவது மறு முனையில் பளபளக்கும் காராக வெளிவருவதை ஆலையில் கண்டவர் அவர். அதே முறையில் பாடகர்களையும் பயிற்றி உருவாக்கினார்.

ஆனால் நகரத்தின் நல்ல காலம் நீடிக்கவில்லை. ஆலைகள் மலிவான நிலம் தேடி வெளியூர்களுக்குச் சென்றன. வெள்ளையர் குடும்பங்கள் புறநகரங்களுக்குக் குடிபெயர்ந்தன. 1967 ஜூலையில் போலீசாருக்கும் கறுப்பின மக்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 43 பேர் மாண்டார்கள். 1972இல் மோடவுன் நிறுவனமும் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குப் போய்விட்டது. பிறகு ஆலைகளுக்குள் இயந்திர மனிதர்கள் வந்தார்கள். 10 பேர் செய்த வேலையை ஓர் இரும்புக் கை செய்தது. 1950இல் ஏறக்குறைய 18½ இலட்சம் மக்கள் வாழ்ந்த நகரத்தில் 2020இல் 6 இலட்சத்து 39 ஆயிரம் பேரே இருந்தார்கள். ஆளில்லாத வீடுகளையும் கூரை சரிந்த ஆலைகளையும் நினைத்துப் பாருங்கள். தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் காலியாகி, கோயில் மட்டும் தனியே நின்ற காட்சியைக் கண்ட நம் மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்தக் காலத்தில்தான் டெக்னோ பிறந்தது. டெட்ராய்ட்டிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் பெல்வில் என்ற சிற்றூர் உண்டு. வாகனத் தொழில் தந்த சம்பளத்தால் ஓரளவு தலை நிமிர்ந்த கறுப்பினக் குடும்பங்கள் சில அங்கே குடியேறியிருந்தன. அவ்வூர்ப் பள்ளியில் மூன்று மாணவர்கள் நண்பர்களானார்கள். ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்பன அவர்கள் பெயர். இந்தப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்களுக்கு ஆசான் யார்? ஒரு வானொலி! வானொலியில் பேசும் நமக்கு இதைச் சொல்வதில் ஒரு தனி மகிழ்ச்சி. 'எலெக்ட்ரிஃபையிங் மோஜோ' என்ற புனைபெயரில் சார்ல்ஸ் ஜான்சன் என்னும் கறுப்பின அறிவிப்பாளர், 1977 முதல் டெட்ராய்ட்டில் இரவு நிகழ்ச்சி நடத்தினார். தம் முகத்தை அவர் வெளியே காட்டியதில்லை. கறுப்பர் பாட்டு, வெள்ளையர் பாட்டு என்று பிரித்து வைத்திருந்த காலத்தில் அந்த வேலியை அவர் மதிக்கவில்லை. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுக்கு அடுத்து, ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் 1970இல் தோன்றிய 'கிராஃப்ட்வெர்க்' குழுவின் மின்னிசையை ஒலிக்கவிடுவார். "கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் வாசல் விளக்கை அணைத்து ஏற்றுங்கள்" என்ற பொருளில் நேயர்களை அழைப்பார். இருண்டு கிடந்த தெருக்களில் விளக்குகள் மினுக்கும். தனித்தனியே சோர்ந்து கிடந்தவர்கள், தாங்கள் தனியாக இல்லை என்று அந்த வெளிச்சத்தில் தெரிந்துகொண்டார்கள்.

கருவிகளுக்கு அந்த இளைஞர்கள் என்ன செய்தார்கள்? ஜுவான் அட்கின்ஸுக்கு அவருடைய பாட்டி ஒரு சிறிய சிந்தசைசரை, அதாவது மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் கருவியை, வாங்கிக் கொடுத்தார். தாளத்துக்கு ஜப்பானிய இயந்திரங்கள் உதவின. ஒசாகாவின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் 'டி.ஆர். 808' என்ற தாள இயந்திரத்தை விற்பனைக்கு விட்டது. உண்மையான முரசைப் போல் அது ஒலிக்கவில்லை என்று பலர் ஒதுக்கினார்கள். சுமார் 12,000 இயந்திரங்களோடு 1983இல் தயாரிப்பு நின்றது. வேண்டாம் என்று விற்கப்பட்ட இயந்திரங்கள் பழைய பொருள் கடைகளுக்கு வந்தன. ஊர் ஒதுக்கிய கருவியை, ஊர் ஒதுக்கிய இளைஞர்கள் குறைந்த விலையில் வாங்கினார்கள். முரசைப் போல் ஒலிக்காததே நல்லது என்றார்கள். இதுவரை உலகம் கேட்டிராத ஒலி அல்லவா அவர்களுக்கு வேண்டியிருந்தது!

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ரிக் டேவிஸ் என்பவருடன் சேர்ந்து, அட்கின்ஸ் 1981இல் 'சைபோட்ரான்' என்ற பெயரில் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். 1985இல் 'மெட்ரோபிளெக்ஸ்' என்ற சொந்த வெளியீட்டகம் தொடங்கினார். டெரிக் மே 1987இல் வெளியிட்ட இசை கடல் கடந்தும் பேசப்பட்டது. இவர்களோடு எடி ஃபோக்ஸ் என்பவரும் தொடக்கம் முதலே உழைத்தார். கோர்டியின் பாட்டைவிட ஃபோர்டு ஆலையின் இயந்திர மனிதர்களே தம்மை அதிகம் ஈர்ப்பதாக அட்கின்ஸ் கூறியதுண்டு. பெரியவர்களின் வேலையைப் பறித்த இயந்திரத்தைக் கண்டு பயந்து ஓடாமல், அதையே தங்கள் கைக்குள் கொண்டுவந்து, தாங்கள் சொன்னபடி ஒலிக்கச் செய்தார்கள் அந்தப் பிள்ளைகள். டெக்னோவின் அடிப்படை இதுதான்.

அந்த இசையின் அமைப்பையும் சற்று அறிந்துகொள்வோம். நிமிடத்துக்கு 120 முதல் 150 வரை சீரான அடிகள். நான்கு நான்காக எண்ணலாம். மேலே வரும் ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும், விலகும். அடி மட்டும் நிற்காது. இசைத்தட்டுகளை ஓட்டுபவரை 'டி.ஜே.' என்பார்கள். ஒரு தட்டு முடியுமுன் இன்னொரு தட்டைச் சுழலவிட்டு, இரண்டின் வேகத்தையும் இம்மியும் பிசகாமல் பொருத்தி, இடைவெளி தெரியாமல் மணிக்கணக்கில் கொண்டு செல்வது அவர் வேலை. திருவிழாவில் உறுமி மேளம் சாமியோடு ஊரைச் சுற்றி வரும்போது, கேட்பவரின் கால் தானாக ஆடத் தொடங்குகிறதல்லவா? விடாமல் வரும் அடிக்கு உடம்பு பதில் சொல்வது எல்லா மக்களுக்கும் பொது.

டெட்ராய்ட்டில் 1988இல் 'மியூசிக் இன்ஸ்டிடியூட்' என்ற நடன விடுதி திறக்கப்பட்டது. அங்கே மதுபானம் விற்கவில்லை. இளைஞர்கள் பழச்சாறு குடித்துவிட்டு விடியும்வரை ஆடினார்கள். அது சிறிது காலமே நடந்தது. ஆயினும் இந்த இசைக்கு அதுவே தாய்வீடு என்று பலர் போற்றுகிறார்கள்.

அதே 1988இல் பிரிட்டனில் டெட்ராய்ட் இசையைத் தொகுத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். சிகாகோ நகரத்தில் 'ஹவுஸ்' என்ற நடன இசை முன்பே பெயர் பெற்றிருந்தது. ஆகவே 'டெட்ராய்ட்டின் ஹவுஸ் இசை' என்று பெயரிடவே முதலில் நினைத்தார்கள். அட்கின்ஸ் தந்த இசையின் தலைப்பில் 'டெக்னோ' என்ற சொல் இருந்தது. ஆல்வின் டாஃப்லர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1980இல் வெளியிட்ட நூலில் ஆண்ட சொல்லிலிருந்து அவர் அதை எடுத்திருந்தார். தொகுப்புக்கு அச்சொல்லே பெயராயிற்று. அப்படி இந்த இசைக்குப் பெயர் சூட்டியவரும் டெட்ராய்ட்டுக்காரரே. கெவின் சாண்டர்சனின் குழு வெளியிட்ட இரண்டு பாடல்கள் பிரிட்டனின் முதல் 10 இடங்களுக்குள் நுழைந்தன.

இனி பெர்லினுக்குப் போவோம். 1989 நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்தது. கிழக்குப் பகுதியில் உரிமையாளர் யாரென்று தெரியாத கட்டடங்கள் நூற்றுக்கணக்கில் காலியாகக் கிடந்தன. மேற்கு பெர்லினில் 1949 முதலே இரவு விடுதிகளை இத்தனை மணிக்கு மூட வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லை. 1991 மார்ச்சில் டிமித்ரி ஹெகெமான் என்பவரும் நண்பர்களும் ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையைத் திறந்தார்கள். அது வெர்ட்ஹைம் என்ற பேரங்காடியின் பாதுகாப்புப் பெட்டகம். அந்த யூதக் குடும்பத்திடமிருந்து நாஜிகள் பறித்த சொத்து. துருப்பிடித்த பெட்டகக் கதவுகள் சுவரில் அப்படியே இருந்தன. அங்கே 'டிரேசோர்' என்ற நடன விடுதி பிறந்தது. அச்சொல்லுக்கே பெட்டகம் என்றுதான் பொருள்.

அந்த நிலவறையில் கிழக்கு ஜெர்மன் இளைஞனும் மேற்கு ஜெர்மன் இளைஞனும் அருகருகே ஆடினார்கள். பாட்டில் சொல் இல்லாதது அங்கே வசதியாயிற்று. அவர்களுக்காக இசைத்தவர்கள் யார்? டெட்ராய்ட்டிலிருந்து வந்த ஜெஃப் மில்ஸ், பிளேக் பாக்ஸ்டர் போன்ற கறுப்பினக் கலைஞர்கள். டிரேசோர் தொடங்கிய இசைத்தட்டு வெளியீட்டகத்தின் முதல் தட்டே டெட்ராய்ட்டின் 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' குழுவினுடையது. மைக் பேங்க்ஸ், ஜெஃப் மில்ஸ் இருவரும் தொடங்கிய குழு அது. ஆலை போன நகரமும் சுவர் இடிந்த நகரமும் இப்படிக் கைகோத்தன.

பிறகு வளர்ச்சி வேகமாக நடந்தது. பெர்லினில் 1989 ஜூலையில் சுமார் 150 பேர் ஊர்வலமாக ஆடிச் சென்ற 'லவ் பரேட்' என்ற விழாவுக்கு, 1999இல் ஏறக்குறைய 15 இலட்சம் பேர் வந்தார்கள். ஆனால் கூட்டத்தோடு கேடும் வந்தது. போதை மாத்திரை விற்பவர்கள் நடன விடுதிகளைச் சுற்றினார்கள். இளம் உயிர்கள் சில பலியாயின. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. பிரிட்டனில் 1994இல் வந்த ஒரு சட்டம், திரும்பத் திரும்ப வரும் தாள இசையோடு திறந்த வெளியில் நள்ளிரவுக் கூட்டம் கூடுவதைக் கலைக்கப் போலீசாருக்கு அதிகாரம் தந்தது. 2010 ஜூலை 24 அன்று ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் நடந்த 'லவ் பரேட்' விழாவில் நெரிசலில் சிக்கி 21 பேர் இறந்தார்கள். குறுகலான வழியில் அளவுக்கு மீறிய கூட்டத்தை விட்டதே காரணம். அந்த விழா அதோடு நின்றுபோனது.

இதற்கிடையில் பெரிய விடுதிகளின் விருப்பம் மாறிவிட்டது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு, உடனே மனத்தில் பதியும் மெட்டும் பாடகர் குரலும் கொண்ட இசையையே அவை நாடின. 2010ஐ ஒட்டி அமெரிக்காவில் புகழ் பெற்ற மின்னணு நடன இசையும் அவ்வகையே. டெக்னோ சிறிய இடங்களுக்குப் பின்வாங்கியது. பெர்லினில் 2004இல் ஒரு பழைய மின் நிலையத்தில் 'பெர்கைன்' விடுதி திறந்தது. 2005இல் மூடப்பட்ட டிரேசோர் 2007இல் இன்னொரு பழைய மின் நிலையத்தில் மறுபடி திறந்தது. பெரிய இடங்களில் அறவே இல்லாமற் போனதென்றும் சொல்ல முடியாது. பார்படோஸ் தீவிலிருந்து பிரிட்டனுக்குக் குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த கார்ல் காக்ஸ், ஸ்பெயினின் இபிசா தீவில் 'ஸ்பேஸ்' என்ற பெரிய விடுதியில் 2016 வரை பருவந்தோறும் டெக்னோவை ஒலிக்கச் செய்தார். அணையாமல் காத்த விளக்கு அது.

பிறகு அது திரும்பி வந்தது எப்படி? முதற்காரணம் இணையம். 2010இல் லண்டனில் தொடங்கிய 'பாய்லர் ரூம்' என்ற நிகழ்ச்சி, டி.ஜே.க்கள் சிறு அறையில் இசைப்பதை உலகமெங்கும் காட்டியது. விடுதி வாசலையே மிதிக்காத பிள்ளைகளும் வீட்டிலிருந்து கற்றார்கள். இரண்டாவது காரணம் கொரோனா நோய். 2020 மார்ச்சில் விடுதிகள் மூடப்பட்டன. ஆளில்லாத விடுதிகளில் டி.ஜே.க்கள் இசைப்பதை பெர்லின் விடுதிகள் அந்த மாதமே இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பத் தொடங்கின. ஜெர்மனியில் கட்டுப்பாடு நீங்கிக் கதவுகள் நிலையாகத் திறக்க 2022 மார்ச் ஆயிற்று. ஈராண்டு அடைபட்டுக் கிடந்த இளைஞர்கள் மெல்லிசை கேட்க வரவில்லை. வேகமான, கனமான அடி கேட்டார்கள். கைத்தொலைபேசியில் பரவிய சிறு சிறு படத்துண்டுகள் அந்த ஆசைக்குத் தூபம் போட்டன. கூட்டம் எங்கே போகிறதோ அங்கே விடுதிக்காரரும் போவார். அதே 2022இல் பெல்ஜியத்தின் 'டுமாரோலேண்ட்' என்ற மாபெரும் இசை விழாவில், முதன்மை மேடையின் இறுதி நிகழ்ச்சியை நடத்தும் பொறுப்பு, ஷார்லட் டி விட் என்ற டெக்னோ கலைஞருக்குக் கிடைத்தது.

சட்டமும் மரியாதை கொடுத்தது. பெர்கைனில் நடப்பது வெறும் கேளிக்கையன்று, இசை நிகழ்ச்சியே என்று 2016இல் ஜெர்மன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது; வரி 19 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாயிற்று. 2021 மே மாதத்தில் ஜெர்மன் நாடாளுமன்றம் நடன விடுதிகளைப் பண்பாட்டு இடங்களாகக் கருத வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. 2024 மார்ச்சில் பெர்லினின் டெக்னோ பண்பாடு ஜெர்மனியின் தேசிய மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

நேயர்களே, இங்கேதான் நம் கேள்வி வருகிறது. பட்டியலில் ஏறியது பெர்லின். பெர்லின் மக்கள் இந்த இசையைக் காத்தார்கள், வளர்த்தார்கள். அந்தப் பெருமை அவர்களுக்கு உரியதே. டிரேசோர் விடுதியும் டெட்ராய்ட் உறவை மறைத்ததில்லை. ஆனால் டெக்னோ ஐரோப்பாவின் கண்டுபிடிப்பு என்றே எண்ணி ஆடும் இளைஞர்கள் ஏராளம். பெரிய விழாக்களின் விளம்பரத் தாளில் கறுப்பினக் கலைஞர்களின் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. "டெக்னோவைப் பெற்றவர் யார் என்பதை மறக்காதீர்கள்" என்ற குரல் அமெரிக்காவில் எழுந்திருக்கிறது. டிஃபாரஸ்ட் பிரவுன் என்ற கறுப்பின எழுத்தாளர் 2022இல் இதற்கென்றே ஒரு பெரிய வரலாற்று நூல் எழுதினார்.

முன்னே சொன்ன 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' குழுவினர் முகத்தை மூடிக்கொண்டே மேடை ஏறினார்கள். "எங்கள் முகம் வேண்டாம், இசையைக் கேளுங்கள்" என்பது அவர்கள் கொள்கை. தானே முகத்தை மறைப்பது வேறு, பிறர் நம் பெயரை அழிப்பது வேறு. 1999இல் அக்குழுவின் வெளியீட்டில் ஓர் இசை பெரும் புகழ் பெற்றது. ஜெர்மனியில் ஒரு பெரிய நிறுவனம் அனுமதியின்றி அதை ஒலிக்கு ஒலி நகலெடுத்து வெளியிட்டது. குழுவினர் சும்மா இருக்கவில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டபடி பல நாட்டு இரசிகர்கள் அந்த நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதங்களை அனுப்பிக் குவித்தார்கள். நிறுவனம் நகலைத் திரும்பப் பெற்றது. சிறியவர்கள் வாய் திறந்தால் பெரியவர்கள் கேட்க வேண்டிய வேளையும் வருகிறது.

டெட்ராய்ட் தன் பிள்ளைகளை மறந்துவிட்டதா? இல்லை. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில், ஆற்றங்கரையிலுள்ள ஹார்ட் பிளாசா திடலில் முதல் மின்னிசை விழா நடந்தது. அவ்வூர்க் கலைஞர் கார்ல் கிரேக் கலைப்பொறுப்பு ஏற்றார். அனுமதி இலவசம். பல நாட்டு மக்களோடு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளூர்க் குடும்பங்களும் வந்தன. வெளிநாட்டில் புகழ் பெற்ற தங்கள் வீட்டுப் பிள்ளைகளை அவ்வூர்ப் பெரியவர்கள் பலர் மேடையில் கண்டது அப்போதுதான். பிறகு அது கட்டண விழாவாயிற்று. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் நோயால் நின்று, 2022இல் மறுபடி தொடங்கியது. அந்நகரில் மைக் பேங்க்ஸும் நண்பர்களும் ஒரு கட்டடத்தில் டெக்னோ காட்சியகம் அமைத்தார்கள். பழைய தாள இயந்திரங்களும் இசைத்தட்டுகளும் செய்தவர்களின் பெயர்களும் அங்கே இடம்பெற்றன. வேறு யாராவது வந்து எழுதட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் அதுவே. பிள்ளை டெக்னோ கேட்டால் உடனே அதட்ட வேண்டாம். போதைப் பொருளும் தீய சேர்க்கையும் எங்கே இருந்தாலும் கண்டிக்க வேண்டியவைதாம். அவற்றுக்காக ஓர் இசையையே பழிக்க வேண்டியதில்லை. "இதைச் செய்தவர் யார், எந்த ஊர், எப்படிப் பிழைத்தவர்கள் என்று தெரியுமா, தம்பி?" என்று கேளுங்கள். தெரியவில்லையானால் இன்று கேட்டதைச் சொல்லுங்கள். நம் பாட்டன் சீவிய பால்மரத்துக்கும் அந்த அடிக்கும் உள்ள தொடர்பையும் சொல்லுங்கள்.

பிறகு இன்னும் ஒன்று. நம் தோட்டங்களிலும் மேளம் அடித்தவர்கள் இருந்தார்கள். கூத்துக் கட்டியவர்கள், கும்மிப் பாட்டுக் கட்டியவர்கள் இருந்தார்கள். அவர்கள் பெயரை எந்தப் பட்டியலில் தேடுவது? பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. ஆனால் அந்தப் பெயர்களை அறிந்த பாட்டிமார் சிலர் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாட்டியின் அருகில் உட்காருங்கள். தோட்டத்தின் பெயர், ஆண்டு, மேளம் அடித்தவர் பெயர் என்று மூன்று வரியாவது எழுதுங்கள். கைத்தொலைபேசியில் அவர் குரலையும் பதிந்து வையுங்கள். இசை எப்படியாவது திரும்பி வந்துவிடும். பெயரை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.